தாக்காதிருக்கும் வேலை

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்று ஓர் ஊர். இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்துக்காகவே எழுப்பப்பட்ட ஊர் அது. போர் முடிந்தபின் அங்கிருந்த ஆய்வகத்தில், கதிர்வீச்சு மரபணுக்களை என்ன செய்கிறது என்று அறிவதற்காக வில்லியம் ரசல், லியான் ரசல் தம்பதியின் குழு ஏராளமான சுண்டெலிகளை வளர்த்துவந்தது. 1949இல் அந்தக் கூண்டுகளில் சில ஆண் குட்டிகள் தோல் செதில் செதிலாக உரியும் நிலையில் காணப்பட்டன. அந்த மாற்றத்துக்குக் கதிர்வீச்சு காரணமில்லை, தானாகவே நேர்ந்தது. குட்டிகளின் மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் பருத்துப் போயிருந்தன. சில வாரங்களில் அவை செத்தன. பெண் குட்டிகளுக்கு ஒரு குறையும் இல்லை. நோயைச் சுமந்த தாய்க்குப் பிறந்த ஆண் குட்டிகளில் ஏறக்குறையப் பாதி மட்டும் நோயுற்றன. பழுது எக்ஸ் குரோமோசோமில்தான் இருக்க வேண்டும் என்பது இந்தக் கணக்கிலிருந்தே தெரிந்தது. எலிகளுக்கு ‘ஸ்கர்ஃபி’ என்று பெயர் வைத்து, அந்த வம்சத்தை அழியவிடாமல் காத்துவந்தார்கள்.

1990களின் தொடக்கத்தில், புதிய கருவிகளோடு இந்த எலிகளை ஆராய்ந்தபோதுதான் அவை எதனால் சாகின்றன என்பது தெளிவானது. கிருமி எதுவும் காரணமில்லை. எலியின் சொந்த எதிர்ப்பாற்றல் செல்களான டி செல்களே அதன் தோலுக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் நுரையீரலுக்குள்ளும் புகுந்து திசுக்களைச் சிதைத்துக்கொண்டிருந்தன. டி செல்கள் முதிர்வது மார்புக்கூட்டில் இதயத்துக்கு மேலே இருக்கும் தைமஸ் சுரப்பியில். குட்டி பிறந்த உடனேயே அந்தச் சுரப்பியை எடுத்துவிட்டால் நோயின் வேகம் தணிந்தது.

தன்னுடல் தாக்குநோய் என்றாலே, உடல் ஆள் தெரியாமல் அடித்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். ஸ்கர்ஃபி எலியும், அதைப் போன்ற நோயோடு பிறக்கும் சில குழந்தைகளும் வேறொரு செய்தியைச் சொல்கின்றன. தன் உடலையே தாக்கக்கூடிய செல்கள் நல்ல உடல்நலத்தோடு இருப்பவரிடமும் உண்டு. அவை தாக்காமல் இருப்பதற்குச் சில மரபணுக்கள் ஓயாமல் வேலை செய்தாக வேண்டியிருக்கிறது. அந்த வேலை எவ்வளவு பெரியது என்பது, ஒரு மரபணு கைவிட்ட பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

எர்லிக்கின் ஆடுகள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிவியலாளர் பால் எர்லிக், ஆடுகளுக்கு வேறு ஆடுகளின் ரத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். பிற ஆடுகளின் சிவப்பணுக்களை உடைக்கும் எதிர்ப்பொருள்கள் உருவாயின. தன் சொந்தச் சிவப்பணுவை உடைக்கும் எதிர்ப்பொருள் மட்டும் எந்த ஆட்டிடமும் உருவாகவில்லை. தனக்கே நஞ்சாவதை உடல் அஞ்சி விலக்குகிறது என்று அவர் எழுதினார். 1904இல் வியன்னாவில் யூலியஸ் டோனாத்தும் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் இதற்கு மாறான ஒரு நோயைக் காட்டினார்கள். குளிர் பட்டதும் சிலருக்குச் சிறுநீர் கருஞ்சிவப்பாகிறது; அவர்களுடைய எதிர்ப்பொருள்களே அவர்களுடைய சிவப்பணுக்களை உடைப்பதுதான் காரணம் என்பதை இருவரும் நிறுவினார்கள். ஆனாலும் எர்லிக்கின் சொல்லுக்கு இருந்த மதிப்பு, இத்தகைய நோய்கள் அரைநூற்றாண்டுக் காலம் ஓரத்திலேயே கிடக்கக் காரணமாயிற்று. 1956இல் பஃபலோ நகரில் நோயல் ரோஸும் எர்னஸ்ட் விட்டெப்ஸ்கியும், முயல்களைத் தூண்டி அவற்றின் தைராய்டை அவையே தாக்கும்படி செய்து காட்டினார்கள். அதன் பிறகுதான் மருத்துவ உலகின் மனம் மாறியது.

அப்படியொரு தாக்குதல் ஏன் சாத்தியமாக வேண்டும்? காரணம், எதிர்ப்பாற்றல் செல்கள் உருவாகும் விதத்திலேயே இருக்கிறது. நாளை எந்த வைரஸ் வரும் என்று உடலுக்குத் தெரியாது. அதனால் டி செல், பி செல் ஒவ்வொன்றும் தன் ஏற்பிக்கான மரபணுத் துண்டுகளைத் தாறுமாறாக வெட்டி ஒட்டிக்கொள்கிறது. சுசுமு டோனேகாவா 1976இல் இதை எதிர்ப்பொருள் மரபணுக்களில் நிறுவினார். 1987இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். இன்னும் தோன்றியேயிராத கிருமியைக்கூட அடையாளம் காணும் ஏற்பி யாராவது ஒருவரிடம் இருப்பது இந்தக் குலுக்கலால்தான். அதே குலுக்கல், இன்சுலினைப் பிடிக்கும் ஏற்பியையும் தைராய்டைப் பிடிக்கும் ஏற்பியையும் உண்டாக்கிவிடுகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை விலக்க வழியில்லை.

எனவே உருவான பிறகுதான் களையெடுக்க முடியும். தைமஸுக்குள் நுழையும் இளம் டி செல்களில் 100க்கு 95க்கும் மேல் அங்கேயே மடிகின்றன. பலவற்றின் ஏற்பிகள் எதற்குமே உதவாதவை. மற்றவை, உடலின் சொந்தப் புரதங்களை மிகையான இறுக்கத்தோடு பற்றிக்கொள்பவை. இதில்தான் முதல் புதிர் இருந்தது. இன்சுலின் கணையத்தில் சுரப்பது. டி செல் முதிர்வதோ தைமஸில். கணையத்தையே பார்க்காத ஒரு செல், இன்சுலினைத் தாக்கும் என்பது தைமஸுக்கு எப்படித் தெரியும்?

தைமஸில் சுரக்கும் இன்சுலின்

விடையைக் கொடுத்தது பின்லாந்தில் சற்று அதிகமாகக் காணப்படும் ஒரு நோய். ஏபிஎஸ்-1 என்று மருத்துவர்கள் அழைக்கும் அது, அந்நாட்டில் ஏறக்குறைய 25,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. சார்டீனியத் தீவிலும், ஈரானைப் பூர்வீகமாகக் கொண்ட யூதர்களிடையேயும் இன்னும் அதிகம். சிறு வயதில் வாயிலும் நகங்களிலும் கேண்டிடா என்ற பூஞ்சை விடாமல் பற்றும். பிறகு பாராதைராய்டு சுரப்பி அழிந்து, கால்சியம் குறைந்து, கை கால்கள் இழுத்துக்கொள்ளும். அடுத்து அட்ரினல் சுரப்பி ஓயும். சிலருக்கு முடி கொட்டும், சிலருக்குத் தோலில் வெண்புள்ளி தோன்றும், சிலருக்குச் சர்க்கரை நோய் வரும். இப்படி உறுப்பு உறுப்பாக அழிவு நகரும்.

1997இல் இரு ஆய்வுக் குழுக்கள் இதற்குரிய மரபணுவை 21ஆம் குரோமோசோமில் கண்டுபிடித்தன. அதன் பெயர் ‘ஏர்’. தந்தையிடமிருந்து வந்த பிரதி, தாயிடமிருந்து வந்த பிரதி இரண்டும் பழுதானால் நோய். அது என்ன செய்கிறது என்பதை 2002இல் பாஸ்டனில் டயான் மாத்திஸ், கிறிஸ்டோஃப் பெனுவா ஆகியோரின் ஆய்வகம் காட்டியது. தைமஸின் உட்பகுதியில் உள்ள சில செல்களில் ‘ஏர்’ புரதம், அங்கே மூடியே கிடக்க வேண்டிய ஆயிரக்கணக்கான மரபணுக்களைத் திறந்துவைக்கிறது. கணையத்தின் இன்சுலின், விழித்திரையின் புரதம், உமிழ்நீர்ச் சுரப்பியின் புரதம் எல்லாம் தைமஸிலேயே துளித்துளியாக உருவாகின்றன. உடலில் வேறு எங்கோ இருக்கும் உறுப்புகளின் புரதங்களைத் தைமஸை விட்டு வெளியேறும் முன்பே டி செல் சந்தித்துவிடுகிறது. அவற்றை இறுகப் பற்றும் செல் அங்கேயே மடிகிறது, அல்லது பிற செல்களை அடக்கும் செல்லாக மாறுகிறது. ‘ஏர்’ இல்லையென்றால் இந்தச் சந்திப்பு நடப்பதில்லை.

பூஞ்சைத் தொல்லைக்குக் காரணம் நீண்ட காலம் விளங்கவில்லை. எதிர்ப்பாற்றல் மிகையானவருக்கு ஏன் தொற்று வர வேண்டும்? 2010இல் ஒரு விடை கிடைத்தது. கேண்டிடாவை அடக்கும் இன்டர்லூகின்-17, இன்டர்லூகின்-22 என்ற செய்திப் புரதங்களுக்கு எதிராகவே இந்த நோயாளிகளின் உடல் எதிர்ப்பொருள்களைச் செய்கிறது. தன்னைத் தாக்குவதும் தற்காப்பை இழப்பதும் ஒரே மரபணுப் பழுதின் இரு விளைவுகள். இதனால்தான் ஆய்வாளர்கள் இன்று ‘தன்னுடல் தாக்குநோய்’ என்பதோடு நிறுத்தாமல், ‘எதிர்ப்பாற்றல் ஒழுங்கு குலைதல்’ என்று பரந்த பெயரிட்டு அழைக்கிறார்கள்.

இந்த நோயாளிகளிடம் முதலாம் வகை இன்டர்ஃபெரான்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களும் உண்டு என்பது 2006 முதல் தெரியும். இன்டர்ஃபெரான்தான் வைரஸுக்கு எதிரான முதல் தடை. 2020இல் கொரோனா பரவியபோது ஜான்-லாரன் காஸனோவாவின் குழு, வேறு எந்த மரபு நோயும் கண்டறியப்படாத சாதாரண மக்களிடம் இந்த எதிர்ப்பொருளைத் தேடியது. உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போன 987 கொரோனா நோயாளிகளில் 101 பேரிடம் அது இருந்தது; அவர்களில் 95 பேர் ஆண்கள். அறிகுறியின்றியோ லேசாகவோ நோய் வந்துபோன 663 பேரில் ஒருவரிடமும் இல்லை. பின்லாந்துக் குழந்தைகளின் அரிய நோயைப் படித்து வைத்திருந்ததால்தான், பெருந்தொற்றின் நடுவே எதைத் தேடுவது என்று தெரிந்தது.

இருபதாவது மரபணு

தைமஸின் களையெடுப்பு எவ்வளவு சீராக நடந்தாலும், தன்னைத் தாக்கும் சில செல்கள் தப்பித்து ரத்தத்துக்கு வந்துவிடுகின்றன. அவற்றை வெளியே யாராவது அடக்க வேண்டும். 1970களில் ‘அடக்கும் டி செல்’ என்ற கருத்து பெரும் செல்வாக்கோடு உலவியது. அந்தச் செல்களுக்கு அடிப்படை என்று சொல்லப்பட்ட ‘ஐ-ஜே’ என்ற மரபணுவை 1980களின் தொடக்கத்தில் டி.என்.ஏ.வில் தேடியபோது, அது இருக்க வேண்டிய இடத்தில் அப்படியொரு மரபணுவே இல்லை. அதோடு அந்தத் துறையே கேலிக்குரியதாயிற்று. ‘அடக்கும் செல்’ என்று வாயெடுப்பவருக்கு ஆய்வு நிதி கிடைப்பதே கடினமாயிற்று.

ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி மட்டும் விடவில்லை. பிறந்து 3 நாளான சுண்டெலிக்குத் தைமஸை எடுத்துவிட்டால் எதிர்ப்பாற்றல் குறையும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நடந்தது நேர்மாறு. எலியின் சூலகமும் தைராய்டும் வயிறும் தாக்கப்பட்டன. நகோயாவின் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய சகாகுச்சி, அதே இனத்தைச் சேர்ந்த நலமான எலிகளின் டி செல்களை எடுத்து இந்த எலிகளுக்குச் செலுத்தினார். நோய் வரவில்லை. ஆகவே டி செல்களில் ஒரு பகுதி மற்ற டி செல்களை அடக்குகிறது. பிறந்த சில நாள் கழித்தே அது தைமஸிலிருந்து வெளியே வருகிறது. மேற்பரப்பில் சிடி25 என்ற புரதத்தை ஏந்தியிருப்பதே அந்தச் செல்லின் அடையாளம் என்று 1995இல் அவர் அறிவித்தார். பலர் நம்பவில்லை. இன்னும் வலுவான சான்று வேண்டும் என்றார்கள்.

அந்தச் சான்று ஸ்கர்ஃபி எலியிடம் இருந்தது. அமெரிக்காவின் சியாட்டில் அருகே ஒரு சிறு உயிர்நுட்ப நிறுவனத்தில் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் அந்த எலியின் பழுதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எக்ஸ் குரோமோசோமில் ஏறக்குறைய 17 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். மனிதரின் மரபணுத் தொகுதியோ எலியின் தொகுதியோ முழுதாகப் படிக்கப்படாத காலம். பல ஆண்டு இனக்கலப்புச் சோதனைகளின் மூலம் தேடும் இடத்தை 5 லட்சம் எழுத்துகளாகச் சுருக்கினார்கள். அதற்குள் 20 மரபணுக்கள் இருக்கலாம் என்று கணித்து, ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். 19 முடிந்தும் ஒன்றுமில்லை. இருபதாவதில் கூடுதலாக 2 எழுத்துகள் நுழைந்திருந்தன. புரதம் எழுதப்படும் முறையே அதனால் குலைந்து, பாதியில் நின்றுபோயிருந்தது. அதுவரை யாரும் அறியாத அந்த மரபணுவுக்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயர் வந்தது.

அதே மரபணு மனிதரில் பழுதானால்? அப்படிப்பட்ட நோய் ஒன்று 1982லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருந்தது. ஒரு குடும்பத்தின் ஆண் குழந்தைகள் மட்டும் அடங்காத வயிற்றுப்போக்கோடும் சர்க்கரை நோயோடும் அடுத்தடுத்து இறந்திருந்தார்கள். இன்று அதன் பெயர் ஐபெக்ஸ். பிறந்த சில நாள் அல்லது சில வாரங்களிலேயே இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்துவிடும். குடலின் உட்புறம் சிதைந்து பால் செரிக்காது. தோல் சிவந்து உரியும். 2001இல் இந்தக் குழந்தைகளிடமும் ஃபாக்ஸ்பி3 பழுதாகியிருப்பது உறுதியானது. 2003இல் சகாகுச்சியின் குழு உள்ளிட்ட 3 குழுக்கள், அடக்கும் செல்களை உருவாக்கி இயக்குவதே ஃபாக்ஸ்பி3 என்று காட்டின. பிரங்கோ, ராம்ஸ்டெல், சகாகுச்சி மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இருபதாண்டு இளக்காரத்துக்குப் பின் அடக்கும் செல்கள், ‘ஒழுங்குபடுத்தும் டி செல்’ என்ற புதுப் பெயரோடு பாடநூலில் இடம்பிடித்தன.

ஐபெக்ஸ் குழந்தையின் தாயைப் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய இரு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று பழுதானது. பெண்ணின் ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒரு எக்ஸை மூடிவைப்பதால், அவருடைய செல்களில் ஏறக்குறையப் பாதி பழுதான எக்ஸைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் அவர் நலமாகவே இருக்கிறார். அவருடைய ஒழுங்குபடுத்தும் டி செல்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், அவை நல்ல எக்ஸைப் பயன்படுத்துபவையாக இருக்கின்றன. ஃபாக்ஸ்பி3 இல்லாத செல்லால் அந்த இடத்துக்கு வரவே முடிவதில்லை. நல்ல செல்கள் ஓரளவு இருந்தால் போதும், பழுதான மற்ற டி செல்களையும் சேர்த்து அடக்கிவிடுகின்றன. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையிலும் இதே அனுபவம்தான். கொடையாளரின் செல்கள் குழந்தையின் உடலில் ஒரு சிறு பங்கே வேர்பிடித்தாலும் நோய் பல நேரங்களில் அடங்குகிறது. தீமை செய்யும் செல்களை ஒன்றுவிடாமல் ஒழிக்க வேண்டியதில்லை என்பது, மருந்து தேடுவோருக்கு இந்தத் தாய்மார்கள் கற்றுக்கொடுத்த பாடம்.

ஒரு பிரதி போதாதபோது

‘ஏர்’ நோய்க்கு இரு பிரதிகளும் பழுதாக வேண்டும். சிடிஎல்ஏ4 என்ற மரபணுவின் கதை வேறு. அதில் ஒரு பிரதி கெட்டாலே போதும்.

டி செல் கிளர்ந்தெழ இரண்டு சமிக்ஞைகள் தேவை. ஒன்று, தன் ஏற்பிக்குப் பொருந்தும் புரதத் துண்டு. மற்றொன்று, அதைக் காட்டும் செல்லின் மேலிருக்கும் சிடி80, சிடி86 என்ற புரதங்கள். இரண்டாவது கிடைக்காவிட்டால் டி செல் எழுவதில்லை. ஒழுங்குபடுத்தும் டி செல்லின் மேலிருக்கும் சிடிஎல்ஏ4, அந்தப் புரதங்களை இறுகப் பற்றி, மற்ற செல்லிலிருந்து பிய்த்துத் தனக்குள் இழுத்து அழித்துவிடுகிறது. எவ்வளவு சிடிஎல்ஏ4 இருக்கிறதோ அவ்வளவுதான் இழுக்க முடியும். அதனால்தான் அளவு பாதியாவதே ஆபத்து. 2014இல் இரு குழுக்கள் இத்தகைய குடும்பங்களை விவரித்தன. சிலருக்குக் குடல் அழற்சி. சிலருக்கு ரத்த அணுக்கள் அழிதல். சிலருக்கு நுரையீரலிலும் மூளையிலும் டி செல்கள் குவிதல். பின்னர் திரட்டப்பட்ட ஒரு தொகுப்பில், பழுதான பிரதியைச் சுமந்த 133 பேரில் 90 பேருக்கே நோய் இருந்தது. எஞ்சியவர்கள் அதே பழுதோடு நலமாக இருந்தார்கள். ஒற்றை மரபணு நோயிலும் மரபணு தனியாக முடிவெடுப்பதில்லை.

இதே போன்ற நோய், எல்ஆர்பிஏ என்ற மரபணுவின் இரு பிரதிகளையும் இழந்த குழந்தைகளுக்கும் வருகிறது. 2012இல் விவரிக்கப்பட்டபோது இரண்டுக்கும் தொடர்பு தெரியவில்லை. 2015இல் விளங்கியது. சிடிஎல்ஏ4 செல்லின் மேற்பரப்பிலேயே நிற்பதில்லை. உள்ளே போய்ப் போய் வெளியே வருகிறது. திரும்ப வெளியே அனுப்பிவைப்பது எல்ஆர்பிஏ. அது இல்லாவிட்டால், சலவைக்குப் போட்ட துணி அலமாரிக்குத் திரும்பாமல் குப்பைக்குப் போவது போல, நல்ல சிடிஎல்ஏ4 வீணாக அழிகிறது.

காரணம் தெரிந்ததும் மருந்தும் கையருகிலேயே இருந்தது. அபாட்டாசெப்ட் என்ற ஊசி மருந்து, சிடிஎல்ஏ4 புரதத்தின் வெளிப்பகுதியை எதிர்ப்பொருளின் வால்பகுதியோடு ஒட்டவைத்துச் செய்தது. 2005 முதல் முடக்குவாதத்துக்குப் பயன்படுவது. எல்ஆர்பிஏ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது, ஸ்டீராய்டுக்கே அடங்காத நுரையீரல் அழற்சி தணிந்தது. எதிர்ப்பாற்றலை மொத்தமாக மட்டுப்படுத்துவதற்குப் பதில், குறைந்துபோன ஒரு பொருளை அப்படியே ஈடுசெய்யும் சிகிச்சை இது.

இதன் மறுபக்கத்தைப் புற்றுநோய் மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். ஜேம்ஸ் ஆலிசன், சிடிஎல்ஏ4ஐத் தடுத்தால் டி செல்கள் கட்டிகளைத் தாக்கும் என்று கண்டு 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2011இல் அனுமதி பெற்ற இபிலிமுமாப் என்ற அந்த மருந்து, மெலனோமா நோயாளிகள் பலரைக் காப்பாற்றியது. பக்கவிளைவுகள்? குடல் அழற்சி, தோல் அழற்சி, பிட்யூட்டரி சுரப்பி வீக்கம். ஒரு மரபணுவைப் பிறவியிலேயே இழந்தவருக்கு வரும் தொல்லைகளில் பல, மருந்தால் அதைத் தடுத்துக்கொண்டவருக்கும் வருகின்றன.

வேலை முடிந்த செல்கள் சாக வேண்டும் என்பதற்கும் ஒரு மரபணு உண்டு: ஃபாஸ். கிருமி ஒழிந்தபின் டி செல்லைத் தற்கொலைக்குத் தூண்டும் ஏற்பி அது. 1995இல் கண்டறியப்பட்ட ஃபாஸ் பழுதில், சாக வேண்டிய செல்கள் சாகாமல் குழந்தையின் கழுத்திலும் அக்குளிலும் நிணநீர்க் கணுக்களாகத் திரண்டு நிற்கும். சொந்த ரத்த அணுக்களை எதிர்ப்பொருள்கள் அழிக்கும். இந்த ஏற்பி மூன்று மூன்றாகச் சேர்ந்தே இயங்கும். ஒரு பிரதி பழுதானால், செல்லில் உள்ள ஃபாஸ் புரதங்களில் பாதி கெட்டவை. மூன்றும் நல்லவையாகச் சேர்வதற்கு வாய்ப்பு எட்டில் ஒன்று. பாதிப் பழுது எப்படி ஏறக்குறைய முழுப் பழுதாகிறது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

சின்னச் சின்னக் குறைகள்

இப்படி ஒற்றை மரபணுவால் எதிர்ப்பாற்றல் கெடும் பிறவி நோய்கள் இன்று 500க்கும் மேல் அறியப்பட்டிருக்கின்றன. தனித்தனியே எல்லாம் அரியவை. நம் பக்கத்து வீட்டுக்காரரின் முடக்குவாதத்துக்கும் தைராய்டு குறைவுக்கும் இவை என்ன சொல்கின்றன?

முதலில், அங்கே மரபணுவின் பிடி தளர்வானது. இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் இருந்தால், அச்சு அசலாக ஒரே மரபணுத் தொகுதி கொண்ட மற்றவருக்கும் அது வருவது ஏறக்குறைய 15%தான். முதுகெலும்பை இறுக்கிவிடும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரிடம் எச்எல்ஏ-பி27 என்ற மரபணு வகை உண்டு என்பது 1973லேயே தெரிந்தது. ஆனால் அந்த மரபணு வகையைச் சுமப்பவர்களில் 100க்குச் சிலருக்கே நோய் வருகிறது. புரதத் துண்டுகளை டி செல்லுக்குக் காட்டுவது எச்எல்ஏவின் வேலை. எந்தத் துண்டு காட்டப்படும் என்பதை அது தீர்மானிப்பதால், பெரும்பாலான தன்னுடல் தாக்குநோய்களில் மிகப் பெரிய மரபுப் பங்கு அதனுடையதே. மற்ற நூற்றுக்கணக்கான இடங்கள் ஒவ்வொன்றும் ஆபத்தைச் சிறிதளவே கூட்டும் அல்லது குறைக்கும். அவையும் எல்லா மக்களிடமும் ஒன்றுபோல இல்லை. ஐரோப்பியரில் முதலாம் வகைச் சர்க்கரை நோயோடும் முடக்குவாதத்தோடும் தொடர்புள்ள பிடிபிஎன்22 மாற்றம், கிழக்கு ஆசியர்களிடம் ஏறக்குறைய இல்லை.

இரண்டாவது, அந்தச் சிறு குறைகள் இருக்கும் இடங்களைப் பார்த்தால் பழகிய பெயர்கள் வருகின்றன. சிடி25ஐ முற்றிலும் இழந்து பிறக்கும் குழந்தைக்கு ஐபெக்ஸ் போன்ற கடும் நோய். அதே மரபணுவின் அருகிலுள்ள ஓர் எழுத்து மாறி, அதன் அளவு சற்றே வேறுபட்டால், முதலாம் வகைச் சர்க்கரை நோய்க்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கும் வாய்ப்பு சிறிது மாறுகிறது. சிடிஎல்ஏ4க்கு அருகிலுள்ள மாற்றங்கள் தைராய்டு நோய்களோடு தொடர்புடையவை. ஒரே வேலை. அரிய நோயில் அது அடியோடு நின்றுபோகிறது. பொது நோயில் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சம் தொய்கிறது.

லூபஸ் என்ற தன்னுடல் தாக்குநோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள் என்ற பழைய புதிருக்கும் இந்த வழியில் ஒரு துப்பு கிடைத்திருக்கிறது. வைரஸின் ஆர்.என்.ஏ.வை உணரும் டிஎல்ஆர்7 மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மூடப்பட்ட எக்ஸிலும் அது சில செல்களில் ஓரளவு திறந்தே இருக்கிறது. 2022இல் கரோலா வினுவேசாவின் குழு, சிறு வயதிலேயே கடும் லூபஸ் வந்த ஒருவரிடம், இந்த உணரியை மிகையாகத் தூண்டும் ஒற்றை எழுத்து மாற்றத்தைக் கண்டது. அதே மாற்றத்தைச் சுண்டெலியில் புகுத்தியபோது எலிக்கும் லூபஸ் வந்தது. பெண்களுக்கு லூபஸ் வருவதற்கு இது மட்டுமே காரணமாகாது. தேட வேண்டிய ஒரு பாதையைக் காட்டியிருக்கிறது.

எப்போது சந்தேகிக்க வேண்டும்

தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடப்பதாக தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவு நெருங்க நெருங்க, இருவரும் ஒரே பழுதான பிரதியைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. ‘ஏர்’, எல்ஆர்பிஏ போன்ற இரு பிரதியும் கெட வேண்டிய நோய்களுக்கு இது பொருந்தும். ஐபெக்ஸுக்கோ சிடிஎல்ஏ4 நோய்க்கோ பொருந்தாது. அவை எந்தக் குடும்பத்திலும், முன்பு யாருக்கும் இல்லாமலேயும் வரக்கூடும். குடும்பத்தில் நோய் இருக்கிறது என்பதற்காக யார் மீதும் பழி போட இந்த அறிவியலில் இடமில்லை.

மருத்துவர் கவனிக்கும் குறிகள் சில உண்டு. 6 மாதத்துக்குள் வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் வழக்கமான முதலாம் வகையாக இருப்பதில்லை. ஒற்றை மரபணுவே காரணமாக இருக்கும். அவற்றில் ஐபெக்ஸ் ஒன்று. எதிர்ப்பாற்றலுக்குத் தொடர்பே இல்லாத வேறு சில மரபணு வகைகளில், இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரையாலேயே குழந்தையை நலமாக வைத்திருக்க முடிகிறது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய குழந்தைகளுக்கு மரபணுப் பரிசோதனை செய்துவருகிறது. சர்க்கரை நோயைத் தவிர, பால் குடிக்கும் வயதிலேயே தொடங்கும் கடும் குடல் அழற்சி, சிவப்பணுவும் தட்டணுவும் சேர்ந்து அழிதல், ஒரே குழந்தைக்கு இரண்டு மூன்று உறுப்புகளில் தன்னுடல் தாக்குநோய், அதோடு அடிக்கடி தொற்று ஆகியவை மரபணுவைத் தேடச் சொல்லும் குறிகள். முடிவு தெரிந்தால் சிகிச்சை மாறுகிறது. ஒருவருக்கு அபாட்டாசெப்ட், ஒருவருக்கு மஜ்ஜை மாற்று, முதலாம் வகையிலிருந்து வேறான இன்டர்ஃபெரான்-காமாவின் செய்தி மிகையான ஏபிஎஸ்-1 நோயாளிகள் சிலருக்கு, 2024இல் வந்த ஆய்வு காட்டியபடி, ரக்ஸோலிட்டினிப் என்ற மாத்திரை. ஸ்டான்ஃபோர்டில், ஐபெக்ஸ் நோயாளியின் டி செல்களிலேயே நல்ல ஃபாக்ஸ்பி3ஐப் புகுத்தித் திருப்பிச் செலுத்தும் முயற்சி மருத்துவச் சோதனையில் இருக்கிறது.

இவ்வளவையும் படித்தபின், தன்னைத் தாக்கும் போக்கைக் குறைக்கும் மரபணு மாற்றம் எல்லோருக்கும் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். அப்படியொரு மாற்றம் இருக்கவும் செய்கிறது. டைக்2 என்ற மரபணுவில் ஒற்றை எழுத்து மாறியவர்களுக்கு சொரியாசிஸ், முடக்குவாதம், லூபஸ் உள்ளிட்ட பல நோய்கள் வரும் வாய்ப்பு குறைகிறது. ஆனால் அந்த மாற்றத்தை இரு பிரதிகளிலும் சுமப்பவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்து கூடுகிறது என்று 2018இல் தெரியவந்தது. பழங்கால எலும்புகளின் டி.என்.ஏ.வைப் படித்தவர்கள், ஐரோப்பாவில் இந்த மாற்றம் வெண்கலக் காலத்துக்குப் பின் வேகமாக அருகியதைக் கண்டார்கள். காசநோய் அதைச் சுமந்தவர்களைக் கழித்துவிட்டது என்பது அவர்கள் விளக்கம். 2022இல் டைக்2ஐ மட்டுப்படுத்தும் டியூக்ராவாசிட்டினிப் என்ற மாத்திரை சொரியாசிஸுக்கு அனுமதி பெற்றது. அதைத் தொடங்கும் முன் நோயாளிக்குக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது மருந்துக் குறிப்பிலேயே உள்ள விதி. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் காசநோயால் சாகும் நம் நாட்டில் அந்த விதிக்குக் கூடுதல் பொருள் உண்டு. எதிர்ப்பாற்றலை எந்த அளவில் நிறுத்துவது என்பதற்கு எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஒவ்வொரு நோயாளிக்கும், அவர் வாழும் இடத்தின் கிருமிகளையும் சேர்த்தே அதைக் கணக்கிட வேண்டியிருக்கிறது.